ஃபேன் சுத்துது, டிஸ்பிளே வரல: கோட்டையூர் வீட்டுல அசெம்பிள் பண்ண முதல் கம்ப்யூட்டர், முழு கேஸ்

ஆவணி மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, ராத்திரி பதினோரு மணி. இரண்டாங்கட்டுல ஆத்தங்குடி கல்லு மேல மதர்போர்டோட அட்டை டப்பாவ வச்சு, அதுக்கு மேல போர்ட வச்சு, எல்லாத்தையும் மாட்டி ஸ்விட்ச் போட்டா ஃபேன் எல்லாம் ஜோரா சுத்துது, கிராபிக்ஸ் கார்டுல லைட் எரியுது, மானிட்டர்ல மட்டும் "நோ சிக்னல்". மருமகன் என் மூஞ்சியப் பாக்குறான், நான் அவன் மூஞ்சியப் பாக்குறேன். பொருள் வாங்குன ரசீது முழுக்க அவன் ஒரு வருஷம் பார்ட் டைம் வேல பாத்து சேத்த காசு, அதான் எனக்கு வயிறு கலங்கிருச்சு. அன்னைக்கு ஆரம்பிச்சு அந்த மெஷின் ஒழுங்கா நின்னு ஓட 19 நாள் ஆச்சு. அதுல ஒரு பார்ட் கூட டிஃபெக்ட் பீஸ் கெடையாது, இத முதல்லயே சொல்லிடுறேன். எல்லாமே நல்ல பொருள், ஒன்னுக்கு ஒன்னு ஒத்துப்போகல, அவ்வளவுதான். இதுல நாங்க எங்க எங்க மாட்டினோம், எப்படி கண்டுபிடிச்சோம்னு முழுசா எழுதுறேன்.

பின்னணி இதுதான். எனக்கு காரைக்குடியில ஸ்டுடியோ, கல்யாண ஆல்பம், வீடியோ எடிட்டிங் வேல. கம்ப்யூட்டர் தெனமும் பாக்குறவன்தான், ஆனா இதுவரைக்கும் கடையில அசெம்பிள் பண்ணி வந்ததத்தான் பாத்திருக்கேன். மருமகன், எங்க ஆச்சி (அக்கா) மகன், இன்ஜினியரிங் மூணாவது வருஷம். அவனுக்கு பிளெண்டர்ங்கற சாஃப்ட்வேர்ல நம்ம ஊரு பெரிய வீடுகள 3டி மாடலா பண்ணணும்னு ஆசை, முகப்பு, பட்டாலை, முற்றம், பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி கல்லுல இருக்குற பூ டிசைன் ஒவ்வொன்னும் தனித்தனி டெக்ஸ்சரா எடுத்து வச்சிருக்கான். லேப்டாப்ல ஒரு பிரேம் ரெண்டர் ஆக, அதாவது மாடல் முழுப் படமா மாறி வர, முக்கா மணி நேரம். "அம்மான், நம்மளே ஒன்னு அசெம்பிள் பண்ணிடுவோம்"னு வந்து நின்னான்.

அவன் போட்ட லிஸ்ட்: ப்ராசஸர் ரைசன் 5 5600, போர்டு பி450 சிப்செட்ல ஒரு மைக்ரோ ஏடிஎக்ஸ், கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, அப்புறம் கேபினட்டோடயே சேந்து வர்ற 450 வாட் எஸ்எம்பிஎஸ், எல்லாத்துக்கும் கரண்டு பிரிச்சுக் குடுக்குற பெட்டி. கார்டு சாய்ஸ்ல நான் குறையே சொல்ல மாட்டேன். டெக்ஸ்சர் நெறைய இருக்குற சீன் கார்டோட மெமரியில உக்காரணும், அதுக்கு அந்த 12 ஜிபி ரொம்ப உதவி, அதே வெலைக்கு 8 ஜிபி கார்டு இன்னும் வேகமா கெடச்சாலும் இவன் வேலைக்கு இதுதான் சரி. தப்பு மத்த இடத்துல.

லிஸ்ட வாய்விட்டு படிச்சுக்கிட்டிருந்தப்ப ஆத்தா கேட்டுச்சு, என்னடா ரெண்டு பேரும் பொருத்தம் பொருத்தம்னே பேசிக்கிட்டிருக்கீங்க, யாருக்கு சம்பந்தம் பேசுறீங்கன்னு. நான் வெளக்கிச் சொன்னதும், "அப்ப மொதல்ல கோயில் கேட்டீங்களா?"ன்னுச்சு. எங்க ஊருப் பக்கம் தெரிஞ்சவங்களுக்குப் புரியும், நகரத்தார் வீடுகள்ல சம்பந்தம் பேசுனா மொதக் கேள்வி எந்தக் கோயில்ங்கறதுதான், இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டின்னு ஒன்பது கோயில், ஒரே கோயில் ஒரே பிரிவுன்னா பங்காளி, பேச்ச அத்தோட நிப்பாட்டிருவாங்க, பொண்ணு படிப்பு, பையன் வேலையெல்லாம் அதுக்கப்புறந்தான். கம்ப்யூட்டர்ல அது அப்படியே தலைகீழ், சாக்கெட், அதாவது ப்ராசஸர் உக்கார்ற குழி, ஒன்னாத்தான் இருக்கணும், ஆனா வரிசையில முதல் கேள்வி எதுன்னு ஆத்தா சரியாத்தான் சொல்லுச்சு. நாங்க சாக்கெட் பாத்தோம். 5600ம் ஏஎம்4, பி450யும் ஏஎம்4. சரின்னு அடுத்ததுக்குப் போயிட்டோம். கோயில் கேட்டா மட்டும் கல்யாணம் முடிஞ்சிருமா, அதுக்கப்புறம் கேக்க வேண்டிய கேள்விகள நாங்க கேக்கல.

மொத அடி ராம்ல. ரசீதுல ராம் இல்ல, ஏன்னா சிங்கப்பூர்ல இருக்குற எங்க பெரியப்பா மகன் ஊருக்கு வர்றப்ப பையனுக்கு ராம் நான் வாங்கித் தர்றேன்னு சொல்லி 16 ஜிபி ரெண்டு ஸ்டிக் வாங்கிட்டு வந்தாரு. நல்ல மனசு, நல்ல கம்பெனி பொருள், ஆனா டிடிஆர்5, எங்க போர்டு எடுக்குறது அதுக்கு முந்தின தலைமுறை டிடிஆர்4. மருமகன் ஸ்லாட்டுல வச்சு அமுக்குறான், ஒரு பக்கம் எறங்குற மாதிரி இருக்கு, இன்னொரு பக்கம் மேல நிக்குது, "இன்னும் கொஞ்சம் அழுத்தவா அம்மான்"னு கேக்குறான், நல்லவேளை நான் வேணாம்னு சொல்லி வாங்கிப் பாத்தேன். ஸ்டுடியோவுல கெடந்த பழைய டிடிஆர்4 ஸ்டிக் ஒன்ன எடுத்து ரெண்டையும் ஒன்னு மேல ஒன்னு வச்சு முற்றத்து வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா நீளம் ஒன்னு, பின் எண்ணிக்கையும் ஒன்னு, ரெண்டுமே 288, ஆனா கீழ இருக்குற வெட்டு மட்டும் சில மில்லிமீட்டர் தள்ளி இருக்கு. அந்த வெட்டு சும்மா இல்ல, டிடிஆர்4 1.2 வோல்ட்ல ஓடுறது, அதுக்கான வோல்டேஜ போர்டுதான் சரிபண்ணிக் குடுக்கும், டிடிஆர்5க்கு 1.1, அந்த வேலையப் பாக்குற சிப்பே ஸ்டிக் மேலதான் இருக்கும். ரெண்டும் தெரியாமக்கூட மாறிடக் கூடாதுன்னுதான் வெட்ட மாத்தி வச்சிருக்காங்க. அழுத்தம் குடுத்தா ஸ்லாட் உடையும், ராம் எறங்காது.

இதுல இன்டெல் பக்கம் போறவங்களுக்கு ஒரு வார்த்த. எல்ஜிஏ 1700 சாக்கெட்ல 12, 13, 14 ஜெனரேஷன் மூணும் உக்காரும், அந்த ப்ராசஸர்களுக்கு டிடிஆர்4ம் ஓகே டிடிஆர்5ம் ஓகே, ஆனா போர்டு ஏதாவது ஒன்னுக்குத்தான் ஸ்லாட் குடுத்திருக்கும், ஒரே பேருல ரெண்டு வகை போர்டு வரும், பேரு கடைசியில டி4ன்னு ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஏஎம்5 எடுத்தா டிடிஆர்5 மட்டுந்தான், ஏஎம்4னா டிடிஆர்4 மட்டுந்தான். அண்ணன் கோவிச்சுக்கல, நாங்க காரைக்குடியிலயே டிடிஆர்4 3200ல 8 ஜிபி ரெண்டு வாங்கிட்டோம்.

இப்ப அந்த ஞாயித்துக்கெழமைக்கு வர்றேன். ஃபேன் சுத்துது, டிஸ்பிளே இல்ல. மருமகன் ஹெச்டிஎம்ஐ கேபிள போர்டுல இருக்குற போர்ட்ல மாட்டிப் பாத்தான், அதுலயும் இல்ல, அப்ப போர்டுதான் போச்சுன்னு முடிவுக்கே வந்துட்டான். அங்கதான் பெரிய குழப்பம். 5600ல உள்ளயே கிராபிக்ஸ் கெடையாது, போர்டுல ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும் அதுக்குப் படம் அனுப்ப உள்ள ஆள் இல்ல. 5600ஜின்னு ஜி போட்டதுலதான் இருக்கும். இன்டெல்ல இதுக்கு எதிர்ப்பக்கம், 12400ல இருக்கும், எஃப் போட்ட 12400எஃப்ல இருக்காது. அதனால போர்டு போர்ட்ல படம் வரலங்கறது ஒரு சாட்சியமே இல்ல, அத நம்பி போர்ட குத்தம் சொல்லக் கூடாது.

போர்டுல ஓரமா நாலு குட்டி லைட் இருக்கும், ப்ராசஸர், ராம், விஜிஏ, பூட்னு எழுதியிருக்கும், ஸ்விட்ச் போட்டதும் ஒவ்வொன்னா எரிஞ்சு அணையும். எங்களுக்கு ப்ராசஸர் லைட்லயே நின்னுருச்சு, அடுத்ததுக்குப் போகவே இல்ல. ராம ஒரு ஸ்டிக்கா மாத்திப் போட்டும் அதே. அப்பத்தான் டப்பாவ திருப்பிப் பாத்தேன். பி450 2018ல வந்த சிப்செட், 5600 2022ல வந்த ப்ராசஸர். மதுரையில ஒரு கடையில பழைய ஸ்டாக் வெல கொறச்சுக் குடுத்தாங்கன்னு வாங்கின போர்டு அது, டப்பாவுல இருந்த தயாரிப்பு தேதி 2019. மூணு வருஷம் கழிச்சு பொறக்கப்போற ப்ராசஸர அந்த போர்டுக்குள்ள இருக்குற பயாஸ்க்கு, அதாவது ஸ்விட்ச் போட்டதும் மொதல்ல ஓடுற மென்பொருளுக்கு, எப்படித் தெரியும்? குழி ஒன்னுதான், பின் ஒன்னுதான், 1331ம் அழகா எறங்கிருச்சு, ஆனா போர்டுக்கு அந்த ஆளு யாருன்னே தெரியல. இன்டெல்ல இத விட மோசமான கத இருக்கு, எல்ஜிஏ 1151ன்னு ஒரே பேருல 6, 7 ஜெனரேஷனுக்கு ஒரு செட் போர்டு, 8, 9க்கு வேற செட் போர்டு, ப்ராசஸர் உள்ள உக்காரும், பூட் ஆகாது, அத கம்பெனி அப்டேட்ல கூட சரிபண்ண முடியாது.

எங்களது சரிபண்ண முடிஞ்ச கேஸ். போர்டு கம்பெனி சைட்ல போர்டோட முழுப் பேரப் போட்டு, ரிவிஷன் நம்பரோட, சப்போர்ட் பக்கத்துல ப்ராசஸர் பட்டியல் எடுத்தா ஒவ்வொரு ப்ராசஸருக்கு நேரா எந்த பயாஸ் வெர்ஷன்ல இருந்து ஓடும்னு போட்டிருப்பாங்க. இந்த ஒரு பக்கத்த காசு குடுக்கறதுக்கு முன்னாடி பாத்திருந்தா மதுரை கடையிலயே பயாஸ் அப்டேட் பண்ணிக் குடுங்கன்னு கேட்டிருக்கலாம். சில போர்டுல ப்ராசஸரே இல்லாம பென் டிரைவ் சொருகி பட்டன அமுக்கி அப்டேட் பண்ற வசதி இருக்கும், எங்க போர்டுல இல்ல. அதுக்கு ஒரே வழி, பழைய பயாஸ்க்குத் தெரிஞ்ச ஒரு ப்ராசஸர கடன் வாங்கணும். என் ஸ்டுடியோவுல பில்லிங் மெஷின்ல ரைசன் 3 2200ஜி ஒன்னு ஓடிக்கிட்டிருந்துச்சு, ஜி போட்டது, உள்ளயே கிராபிக்ஸ், கச்சிதம்.

கழட்டும்போது நடந்தத கொஞ்சம் வெலாவரியா சொல்றேன், இது யாருக்கும் நடக்கலாம். பில்லிங் மெஷின்ல கூலரோட நாலு ஸ்குரூவ கழட்டிட்டு நேரா மேல தூக்குனேன், ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல தடவுன பழைய பேஸ்ட் காஞ்சு பசை மாதிரி புடிச்சிருக்கு, லிவர் பூட்டுன படியே இருக்கறப்ப ப்ராசஸர் சாக்கெட்ட விட்டு பிச்சுக்கிட்டு கூலரோட ஒட்டி வந்துருச்சு. ஏஎம்4ல பின் ப்ராசஸர்ல இருக்கும், சாக்கெட் மேல இரும்புத் தகடு புடிமானம் கெடையாது, அதான் இப்படி. ஜன்னல் பக்கம் கொண்டுபோய் சாய்ச்சுப் பாத்தா, வரிசையா நிக்குற பின்னுல ஓரத்துல ஒன்னு மட்டும் தல சாஞ்சு நிக்குது, நாத்து நட்ட வயல்ல ஒன்னு மட்டும் சாஞ்ச மாதிரி. மருமகன்தான் மெக்கானிக்கல் பென்சில்ல லெட்ட எடுத்துட்டு அந்த மூக்க பின்னுக்கு மேல மாட்டி, மூச்ச புடிச்சுக்கிட்டு மெதுவா நிமித்துனான். ரெண்டு பக்கமும் வரிசையோட கண்ணு ஒத்துப்போறவரைக்கும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுத்தான் வச்சோம். அன்னையில இருந்து கூலர கழட்டுறதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர பத்து நிமிஷம் ஓட்டி பேஸ்ட்ட சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி, கூலர இடமும் வலமும் லேசா திருகி வழுக்கி எடுக்குறேன், நேரா தூக்குறதே இல்ல.

2200ஜிய போட்டதும் மொத தடவையிலயே படம் வந்துருச்சு. பென் டிரைவ ஃபேட்32ல ஃபார்மட் பண்ணி, பயாஸ் ஃபைல போட்டு, ஸ்டுடியோ யுபிஎஸ்ஸ தூக்கிட்டு வந்து அதுல கனெக்ட் பண்ணித்தான் அப்டேட் கொடுத்தோம், நடுவுல கரண்டு போச்சுன்னா போர்டே போயிரும், எங்க பக்கம் ஆவணி மழைக்கு முன்னாடி காத்தடிச்சா கரண்டு எப்ப போகும்னு யாருக்குத் தெரியும். ஆறு நிமிஷம், யாரும் அந்தப் பக்கமே நடக்கல. அப்புறம் 5600 போட்டோம், கார்டுல கேபிள் மாட்டினோம், படம் வந்துச்சு.

இத்தோட முடிஞ்சதுன்னு நெனச்சோம். விண்டோஸ் ஏறிருச்சு, ரெண்டு நாள் பிரவுசர், யூட்யூப் எல்லாம் நல்லா ஓடுச்சு. மூணாவது நாள் பட்டாலை சீன ரெண்டர் போட்டான், மூணாவது பிரேம்ல டப்புனு மொத்தமா ஆஃப். ப்ளூ ஸ்கிரீன் இல்ல, ரீஸ்டார்ட் இல்ல, விளக்க ஊதி அணச்ச மாதிரி. ஸ்விட்ச ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஓடுது, திரும்ப ரெண்டர் போட்டா திரும்ப ஆஃப். மருமகன் சூடுன்னு சொன்னான். சூடுன்னா மொதல்ல வேகத்த கொறச்சுக்கும், ஃபேன் கத்தும், இப்படி ஒரு நொடியில சாகாது. டிரைவர் பிரச்சனைன்னா படம் போகும், மெஷின் போகாது. அதனால நான் எஸ்எம்பிஎஸ் பக்கம் திரும்பினேன்.

கேபினட் கதவ கழட்டி எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கர டார்ச் அடிச்சுப் படிச்சோம். பெருசா 450ன்னு இருக்கு. கீழ குட்டி எழுத்துல 12 வோல்ட்டுக்கு நேரா 18 ஆம்ப். 12ஐயும் 18ஐயும் பெருக்கினா 216 வாட். அம்புட்டுதான். இன்னைக்கு கம்ப்யூட்டர்ல ப்ராசஸரும் கார்டும் சாப்பிடுறது எல்லாமே அந்த 12 வோல்ட்ல இருந்துதான், மிச்ச 3.3, 5 வோல்ட் கணக்கெல்லாம் கூட்டிப் பெருசா எழுதி நமக்கு பிரயோஜனம் இல்ல. கார்டு 170 வாட், 5600க்கு 65ன்னு போட்டிருந்தாலும் முழு வேலையில 76 வரைக்கும் இழுக்கும், ரெண்டும் சேந்தே 246 ஆச்சு, போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி தனி. அது மட்டும் இல்ல, கார்டுக்கு வேண்டிய 8 பின் பவர் பிளக் அந்த எஸ்எம்பிஎஸ்ல கெடையாது, மோலெக்ஸ்ங்கற பழைய வகை பவர் பிளக் ரெண்ட ஒன்னாச் சேத்து 8 பின்னா மாத்துற ஒரு கேபிள மாட்டியிருந்தான், ரெண்டு மோலெக்ஸும் ஒரே ஒயருல இருந்து வருது. 8 பின் 150 வாட்டுக்கு போட்ட வாய், அத ஒரு மெல்லிசு ஒயருல வழியவிட்டா என்னாகும், தொட்டுப் பாத்தேன், இட்லிச் சட்டி மூடி மாதிரி சுடுது.

புதுசு வாங்குறதுக்கு முன்னாடி நிச்சயம் பண்ணிக்க ஒரு சோதனை பண்ணோம், காசு செலவில்லாதது. கார்டோட பவர் லிமிட்ட சாஃப்ட்வேர்ல 65 சதவீதத்துக்கு எறக்குனோம், கிட்டத்தட்ட 110 வாட். ரெண்டர் போட்டோம். மெதுவா ஓடுச்சு, ஆனா நிக்காம ஓடுச்சு, முப்பது பிரேம். லிமிட்ட ஏத்துனா செத்துச்சு. அப்ப சந்தேகமே இல்ல. 550 வாட், 80 பிளஸ் பிரான்ஸ், 12 வோல்ட்ல 45 ஆம்ப் போட்ட ஒன்னு வாங்கினோம், 540 வாட், கார்டுக்குத் தனி 8 பின், ப்ராசஸருக்கு நாலும் நாலுமா 8 பின். இந்த ரெண்டு 8 பின்னும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஒன்னோட இடத்துல இன்னொன்ன அழுத்திச் சொருகாதீங்க, உள்ள பிளஸ் மைனஸ் வரிசையே தலைகீழ். கேபினட்டோட ஓசியா வர்ற எஸ்எம்பிஎஸ்ஸ நம்பி பெரிய கார்ட போடாதீங்கன்னு நான் பாக்குற எல்லாத்துக்கிட்டயும் இப்ப சொல்றேன், பட்ஜெட்ல எங்க வேணாலும் கொறங்க, இதுல கொறைக்காதீங்க.

கடைசிப் பிரச்சனைய எந்த லிஸ்ட்லயும் யாரும் போட மாட்டாங்க, ஆனா எங்க ஊரு பழைய வீடுகள்ல இருக்குறவங்க கட்டாயம் படிக்கணும். புது எஸ்எம்பிஎஸ் போட்ட அன்னைக்கு சாயங்காலம் மருமகன் வெறுங்கால்ல கல்லு மேல நின்னுக்கிட்டு மானிட்டர் கேபிள சொருகப் போனான், கேபினட் ஸ்குரூவ தொட்டதும் சுள்ளுனு கைய இழுத்துக்கிட்டான். டெஸ்டர வச்சா மங்கலா எரியுது. அவன் எஸ்எம்பிஎஸ் ஷார்ட்டுன்னு பயந்துட்டான், ஷார்ட் இல்ல. எஸ்எம்பிஎஸ்க்குள்ள கரண்டு நுழையுற இடத்துல ஃபில்டருக்காக ரெண்டு குட்டி கெபாசிட்டர் இருக்கும், ஒன்னு பேஸ்ல இருந்து எர்த்துக்கு, இன்னொன்னு நியூட்ரல்ல இருந்து எர்த்துக்கு. எர்த் ஒழுங்கா இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிரும். எர்த்தே இல்லன்னா நடுவுல இருக்குற கேபினட் 230ல பாதி வோல்டேஜ்ல தொங்கும். மல்டிமீட்டர் வச்சு கேபினட்டுக்கும் தோட்டத்து இரும்புக் கொழாய்க்கும் நடுவுல அளந்தேன், 108 வோல்ட் காட்டுச்சு. ஆள கொல்ற அளவு கரண்டு அதுல இல்ல, ஆனா அந்த நெலமையில கேபிள் சொருகுனா ஹெச்டிஎம்ஐ போர்ட் போகலாம், அதவிட முக்கியம், நெசமாவே உள்ள ஒரு நாள் பேஸ் ஒயர் கேபினட்ட தொட்டுச்சுன்னா போறதுக்கு வழி நம்ம உடம்புதான்.

இரண்டாங்கட்டுல மரப்பட்டியில ஓடுற பழைய ஒயரிங், ரெண்டு பின் பிளக் பாயிண்ட், மூணு பின்ன ரெண்டு பின்னா மாத்துற கன்வெர்ட்டர் போட்டு ஓட்டிக்கிட்டிருந்தோம். வந்த எலக்ட்ரீசியன் மொதல்ல சொன்ன வைத்தியம், நியூட்ரலயே எர்த் பின்னுல ஒரு லூப் அடிச்சு விட்டுடலாம்ணேங்கறது. நான் முடியவே முடியாதுன்னுட்டேன். நியூட்ரல் எங்கயாவது கழண்டுச்சுன்னா அந்த நிமிஷமே கேபினட் முழுசா 230ல நிக்கும். பின்கட்டு தோட்டத்துல குழி வெட்டி, பைப் எறக்கி, கரியும் உப்பும் போட்டு புதுசா எர்த் போட்டோம். எங்க பக்கம் செம்புறாங்கல்லு மண்ணு, ஆறடிக்கு மேல கடப்பாரை எறங்குறதே பாடு, காஞ்சு கெடந்தா எர்த் புடிக்காது, அதனால கோடையில வாரத்துக்கு ரெண்டு கொடம் தண்ணி ஊத்தச் சொல்லி ஆத்தாகிட்ட பொறுப்பு குடுத்திருக்கு. அங்கேர்ந்து தனி லைன் இழுத்து மூணு பின் பாயிண்ட், கரண்டு கசிஞ்சா லைன கட் பண்ற ஆர்சிசிபி. இப்ப அளந்தா கேபினட்டுக்கும் எர்த்துக்கும் ஜீரோ, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றரை வோல்ட்.

மத்த சின்னச் சின்னது. கார்டு நீளம் 24 சென்டிமீட்டர், கேபினட்ல முன் ஃபேன் போட்டா மிச்சம் 23 தான், அதனால ஒரு ஃபேன மேல மாத்தினோம். ராம் 3200ன்னு வாங்கியும் 2133ல ஓடிக்கிட்டிருந்துச்சு, பயாஸ்ல எக்ஸ்எம்பிங்கற ராம் வேக செட்டிங்க ஆன் பண்ணணும், தானா வராது. எஸ்எஸ்டி மாட்டுனதும் போர்டுல ஹார்ட் டிஸ்க் மாட்டுற சாட்டா போர்ட் ரெண்டு வேல செய்யல, மேனுவல்ல அப்படித்தான் எழுதியிருக்கு. இன்னொன்னு, இந்த போர்டுல கார்டு மாட்டுற பிசிஐ எக்ஸ்பிரஸ் வழி பழைய 3.0 தான், எங்க கார்டு 16 லேன்ங்கறதால கவல இல்ல, 6500 எக்ஸ்டி மாதிரி 4 லேன் கார்ட இதுல போட்டிருந்தா வேகம் நல்லாவே அடிவாங்கியிருக்கும்.

இப்ப யாராவது லிஸ்ட் அனுப்பினா நான் மொதல்ல போர்டோட முழுப் பேரத்தான் கேக்குறேன், ப்ராசஸர் பேர இல்ல. போர்டு சைட்ல ப்ராசஸர் பட்டியல், பயாஸ் வெர்ஷன், ராம் வகை, அப்புறம் கார்டோட வாட்டும் எஸ்எம்பிஎஸ்ஸோட 12 வோல்ட் ஆம்பும், கேபினட்டுக்குள்ள எத்தன சென்டிமீட்டர், கடைசியா உங்க வீட்டுல மூணாவது பின்னுல நெசமா எர்த் இருக்கா. சாக்கெட் ஒத்துப்போகுதுன்னு பச்ச டிக் காட்டுற சைட் எல்லாம் அந்தக் கடைசிக் கேள்விய கேக்கவே கேக்காது.

பட்டாலை சீன் ஒரு பிரேம் இப்ப நாலு நிமிஷத்துக்குள்ள வருது. பில்லிங் மெஷின்ல 2200ஜி அந்த நிமித்துன பின்னோட இன்னும் ஓடுது. சிங்கப்பூர் ராம் ரெண்டும் டப்பா பிரிச்சது பிரிச்சபடி எங்க இரும்புப் பெட்டியில இருக்கு, மருமகன் வேலைக்குப் போய் ஏஎம்5 வாங்குறப்ப எடுத்துக்கட்டும்னு அண்ணன் சொல்லிட்டாரு.